அனுப்பியபடியே

தம்பி எழுதியது: ஆகஸ்ட் 12. அக்கா கைக்கு வந்தது: ஆகஸ்ட் 27.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஒட்டடைக்குச்சித் தம்பி எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, சாப்பாடும் தூக்கமும் வேளாவேளைக்கு நடக்கின்றன. அங்கே நீ, அத்தான், அம்மா, அம்மாவின் முழங்கால் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். துறைமுகத்திலிருந்து போன் போட்டால் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். 'சாப்பிட்டியா'வில் ஆரம்பித்து என் கல்யாணத்துக்கு வருவதற்குள் கப்பல் கிளம்பிவிடுகிறது. மின்னஞ்சல் என்றால் கேப்டன் அறைக் கணினி வழியாகத்தான் போகும். அவர் படிக்கிறாரா இல்லையா தெரியாது. படிக்கலாம் என்ற நினைப்பிலேயே எனக்குக் கை ஓடாது. அதனால் கரையில் கம்பெனி ஏஜெண்டிடம் கவரைக் கொடுத்துவிடுகிறேன். அப்பா சொல்லிக்கொடுத்தபடி, வந்த தேதியைக் கடிதத்தின் தலையில் குறித்து வை. நானும் குறிக்கிறேன். முப்பது வருஷம் தபால் பிரித்தவரின் பிள்ளைகள் நாம்.

இந்தக் கப்பலில் நான் இரண்டாவது அதிகாரி. இந்தத் துறைமுகத்திலிருந்து அடுத்த துறைமுகம் வரை எந்த வழியாகப் போவது என்று வரைபடத்தில் கோடு போடுவது என் வேலை. முன்பெல்லாம் அந்தக் கோடு எங்களுக்குள் இருக்கும். இப்போது புது ஏற்பாடு வந்திருக்கிறது. நான் கோடு போட்டு அனுப்பினால், சுற்றியுள்ள கப்பல்களின் திரையிலும் நீ கப்பல்களைக் கண்காணிக்கும் நிலையத்தின் திரையிலும் பச்சையாகத் தெரியும். அவர்கள் கோடு எனக்குத் தெரியும். எதிரே வருபவன் எந்தப் பக்கம் ஒதுங்குவான் என்று ஊகிக்க வேண்டாம். நம் வீட்டுச் சந்தில் நீயும் நானும் எதிரெதிரே வந்து, ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடி ஒரே பக்கம் ஒதுங்கி, கடைசியில் மண்டையை முட்டிக்கொள்வோமே, அந்தக் கதை கடலில் இனி இல்லை.

கேப்டன் கெட்டிக்காரர், ஆனால் காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'அவசரம்'. ஐந்து வாரத்துக்கு ஒரு தடவை உங்கள் நீரிணை வழியாகப் போவோம். கோட்டைப் பார்த்தால் தம்பி என்று நினைத்துக்கொள்.

அம்மாவுக்கு என் முத்தம்.
உன் தம்பி

அக்கா எழுதியது: ஆகஸ்ட் 29. தம்பி கைக்குக் கிடைத்தது: செப்டம்பர் 20.

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது அம்மாவைத் திட்டுகிறது, அம்மா எங்களைத் திட்டுகிறாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள், இருக்கிற சதையையும் கரைத்துவிடாதே.

நேற்று உன் கோட்டைப் பார்த்தேன். கப்பல் வந்து சேரும் முன்பே என் பணி முடிந்துவிட்டது, கோடு மட்டும் முதலிலேயே வந்திருந்தது. நம் நீரிணை நடுவில் அந்த நீளமான மணல்திட்டு படுத்திருக்கிறதல்லவா, அதன் தெற்கு முனையில் இருக்கும் சிவப்பு மிதவையை வெளிப்பக்கமாக நூல் பிடித்தாற்போல வளைத்திருந்தாய். பக்கத்து மேசைக்காரரிடம், "இது என் தம்பி போட்டது" என்றேன். "உங்க கையெழுத்து மாதிரியே இருக்கு" என்றார். கோட்டில் என்ன கையெழுத்தைக் கண்டாரோ.

புது ஏற்பாட்டால் என்னைவிட உன் அத்தானுக்குத்தான் கொண்டாட்டம். அவருடைய படகிலும் திரை வைத்துவிட்டார்கள். தினமும் காலையில் கல்குவாரித் தீவுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு திட்டுக்கும் கரைக்கும் நடுவே உள்வாய்க்காலில் போகிறவர். பெரிய கப்பல்கள் திட்டுக்கு வெளியே போக வேண்டும் என்பது விதி. ஆனாலும் அவர் யாரையும் நம்ப மாட்டார். ஒவ்வொரு கப்பலையும் ரேடியோவில் கூப்பிட்டு, "எந்தப் பக்கம்?" என்று கேட்டுத் தொண்டை கட்டி வீட்டுக்கு வருவார். தூக்கத்தில்கூட ஒரு தடவை என்னை "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கட்டிலில் என் பக்கம் எது என்று காட்டினேன்.

இப்போது யாரும் யாரையும் கேட்பதில்லை. இரண்டு கோடு ஒன்றையொன்று தொட்டால் திரையில் மணி அடிக்கும், தொடாவிட்டால் சும்மா இருக்கலாம். அவர் தொண்டை சரியாகிவிட்டது, வீட்டில் பாட்டு வேறு. என்னால்தான் தாங்க முடியவில்லை.

கேப்டன் எப்படிப்பட்டவர்? 'அவசரம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிட்டாயே.

அன்புடன்
அக்கா

தம்பி எழுதியது: செப்டம்பர் 24. அக்கா கைக்கு வந்தது: அக்டோபர் 10.

அன்புள்ள அக்கா,

நலம். நீங்களும் நலம் என்று படித்து நிம்மதி. அம்மாவுக்குத் தைலம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வாசனை மூக்கைத் துளைக்கிறது, கட்டாயம் பலிக்கும்.

கேப்டனைப் பற்றிக் கேட்டாய். நேரத்தை மிச்சம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அடுத்த துறைமுகத்தில் முன்னால் போனால் முன்னால் இடம் கிடைக்கும் என்பார். நான் போட்ட கோட்டை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "படம் அழகா இருக்கு. கம்பெனிக்கும் நிலையத்துக்கும் இதையே அனுப்பு. அப்படியே இருக்கட்டும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் வேறு ஒன்றும் சொல்வதற்கு இல்லை.

சும்மா ஒரு கேள்வி. அத்தான் படகு காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பும்? மழை நாளிலும் போவாரா? இன்னொன்று, உங்கள் திரையில் கப்பல் உண்மையில் போன தடம் எத்தனை நாள் அழியாமல் இருக்கும்? யாராவது அதைக் கோட்டோடு வைத்துப் பார்ப்பார்களா? தொழில் ஆர்வம்தான்.

நீ ரேடியோவில் பேசுவதை ஒரு நாள் கேட்க வேண்டும். அனுப்பிய கோட்டிலேயே போகிறோம் என்பதற்கு நான் "வழி அனுப்பியபடியே" என்று சொல்ல வேண்டும், நீ "நல்லபடியாகப் போய் வாருங்கள்" என்று யாரோ மாதிரி சொல்ல வேண்டும். சின்ன வயதில் கடை வைத்து விளையாடியபோதும் நீ என்னை 'வாங்க சார்' என்றுதான் கூப்பிடுவாய்.

அத்தானுக்கு என் வணக்கம்.
தம்பி

அக்கா எழுதியது: அக்டோபர் 12. தம்பி கைக்குக் கிடைத்தது: நவம்பர் 2.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலமே. உன் நலம் நீ எழுதித்தான் தெரிய வேண்டும், கடிதத்தில் பாதி கேள்வியாகவே இருக்கிறது.

கேட்டதற்கு விடை. படகு காலை ஆறரைக்குக் கிளம்பும். மழையிலும் போகும், குவாரிக்கு மழையாவது வெயிலாவது. தடம் தொண்ணூறு நாள் இருக்கும். யாராவது கேட்டால் ஒழிய எடுத்துப் பார்ப்பதில்லை.

போன இரண்டாம் தேதி நல்ல மழை. உள்வாய்க்காலில் ஒரு பெரிய கப்பல் வந்துவிட்டதாம். அத்தான் கடைசி நிமிஷத்தில் கரைப்பக்கம் ஒதுங்கி, படகின் அடி சேற்றில் உரசித் தப்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் அரைமணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டீ கொடுத்தேன், ஆறிப்போன பிறகு குடித்தார். கப்பல் பெயர் என்ன என்று கேட்டேன். மழையில் தெரியவில்லை என்றார்.

எனக்கு அன்று விடுமுறை. மறுநாள் போய்த் தடத்தை நானும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

பாட்டு இப்போதைக்கு நின்றிருக்கிறது. நீ குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள். அம்மா தைலம் எங்கே என்கிறாள்.

அன்புடன்
அக்கா

தம்பி எழுதியது: நவம்பர் 9. அக்கா கைக்கு வந்தது: நவம்பர் 21.

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு பரவாயில்லை. கொஞ்ச நாளாக வயிறு சரியில்லை, கடல் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வைத்துக்கொள்.

உன் கடிதம் படித்தேன். மழையில் எந்தக் கப்பல் என்று யாருக்குத் தெரியும். அத்தானுக்கு அடி ஒன்றும் படவில்லையே? படகில் ஏறியது முதல் இறங்கும்வரை லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம் என்று சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். நீ சொல்வதாகச் சொல்.

ஆறாம் தேதி காலை உன் குரல் கேட்டேன். நான் "வழி அனுப்பியபடியே" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உன் பதில் வந்தது. உனக்குச் சளியா?

அன்று வாய்க்காலில் அத்தான் படகு கண்ணில் படவில்லை. லீவு போட்டிருந்தாரா? நல்ல காரியம். முடிந்தால் டிசம்பர் பதினொன்றிலும் போடச் சொல்.

கேப்டன் டிசம்பர் இருபதோடு இறங்குகிறார். அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடும். ஒரு மாதம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம்.

தம்பி

அக்கா எழுதியது: நவம்பர் 23. தம்பி கைக்குக் கிடைத்தது: டிசம்பர் 19.

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் நலம். எனக்குச் சளி இல்லை.

அத்தான் லீவும் போடவில்லை. போடுகிற ஆளா அவர்? நான் பார்த்துக்கொண்டேன். எப்படி என்று கேட்காதே. உனக்கு எதைச் சொல்லக்கூடாது என்று நினைக்கிறேனோ அதை நான் சொல்லவில்லை, எனக்கு எதைச் சொல்லக்கூடாது என்று நினைக்கிறாயோ அதை நீயும் சொல்ல வேண்டாம். காகிதத்தில் ஏறிவிட்டால் பிறகு நான் நிலையத்து ஆள், தெரிந்தும் சும்மா இருந்தேன் என்றாகும்.

கண்காணிப்பாளர் ஒரு நாள் ஆறாம் தேதித் தடத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "என்னம்மா இது, கோடு வெளியில இருக்கு, கப்பல் உள்ள போயிருக்கு?" என்றார். "நீரோட்டம் தள்ளிடுச்சு சார், எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க" என்றேன். பதிவேட்டிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினோரு வருஷத்தில் அந்தப் புத்தகத்தில் நான் எழுதிய முதல் பொய்.

உன் கப்பல் அதிகாரிச் சான்றிதழ் வாங்க அம்மா காதில் கிடந்ததையும் கழற்றினாள் என்பது உனக்கு நினைவிருக்கும். அதை எவனோ ஒருவனுடைய அவசரத்துக்காகப் பறிகொடுக்க நான் விடமாட்டேன். நீ பதறாமல் இரு. வயிற்றுக்கு மோர் குடி.

அக்கா

அக்கா எழுதியது: ஜனவரி 4. தம்பி கைக்குக் கிடைத்தது: ஜனவரி 16.

அன்புள்ள தம்பிக்கு,

ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. நலமா என்று கேட்டுக் கேட்டு அம்மா என்னைத் துளைக்கிறாள். கடல் இருக்கிறதே தவிர தம்பி இருக்கிறானா தெரியவில்லை என்கிறேன். சிரிக்க மாட்டேன் என்கிறாள். நாங்கள் நலம்.

இங்கே மூடுபனி தொடங்கிவிட்டது. காலையில் நிலையத்து ஜன்னலில் வெள்ளைத் துணி தொங்கவிட்டது போல இருக்கிறது. திரைதான் கண்.

நீ மௌனமாக இருப்பதைப் பார்த்தால் பயந்துபோய் இருக்கிறாய் என்று தோன்றுகிறது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன், படித்துவிட்டுக் கிழித்துவிடு. அக்டோபர் மழையில் கப்பல் பெயரை அத்தான் படித்துவிட்டார். செருப்போடு உட்கார்ந்திருந்துவிட்டு, "உன் தம்பி கப்பல்தான். கோடு வெளியில போகுது, கப்பல் உள்ள வருது" என்றார். நான் அழுதேன். புகார் எழுதினால் கேப்டனுக்கு முன்னால் நீ மாட்டுவாய், கோட்டில் உன் கையெழுத்துதான் இருக்கிறது. "சரி விடு, அவன் உள்ள வர்ற அன்னிக்கு நான் வெளியில போறேன். இருபது நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதானே" என்றார். என் தம்பியை அவர் எப்போதும் விட்டுக்கொடுத்ததில்லை.

நவம்பரிலும் டிசம்பரிலும் அப்படித்தான் நடந்தது. திட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நீங்கள். அவர் படகின் கோட்டைக் குவாரி அலுவலகம் முன்பே போட்டு வைத்திருக்கிறது, அது உள்வாய்க்காலிலேயே இருக்கும். மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள், அதனால் மாற்றவில்லை. திரையில் பார்த்தால் இரண்டு கோடும் தொடாது, மணியும் அடிக்காது. எல்லாம் கச்சிதம்.

பதினைந்தாம் தேதி நீங்கள் வருகிறீர்கள். 'அவசரம்' சொன்னபடி இறங்கினாரா என்று நீ எழுதவில்லை, இறங்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறோம். அன்றும் அவர் வெளியேதான் போவார். நீ ஒன்றையும் மாற்ற வேண்டாம். வழக்கம்போல உள்ளே வந்து போய்விடு. நானும் அன்று காலைப் பணியில்தான் இருப்பேன்.

தைரியமாக இரு.
அக்கா

தம்பி எழுதியது: ஜனவரி 18. அக்கா கைக்கு வந்தது: ஜனவரி 24.

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

எங்கள் கப்பலை நீரிணையின் வடக்குத் துறைமுகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை இறங்கக்கூடாது, நிலையத்து ஆட்களோடு பேசக்கூடாது என்று எழுதி வாங்கிவிட்டார்கள். நீ நிலையத்து ஆள். அத்தானைக் கடைசியாகப் பார்க்கக்கூட விடவில்லை. இந்தக் கடிதமும் தப்புதான், இனி என்ன தப்பு பாக்கி இருக்கிறது.

உன் ஜனவரிக் கடிதத்தை ஏஜெண்ட் பதினாறாம் தேதி கொண்டுவந்து கொடுத்தார். ஒரு நாள் கழித்து. படித்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சமையல்காரர் வந்து தூக்கிவிட்டார்.

நடந்ததை என் வாயால் நீ கேட்க வேண்டும். டிசம்பர் இருபதில் புதுக் கேப்டன் வந்துவிட்டார். உனக்கு மறுநாளே எழுதினேனே, கிடைக்கவில்லையா? நல்ல மனிதர். என் கோட்டைப் பார்த்துவிட்டு, "கோடு எங்கேயோ கப்பலும் அங்கே. ஒரு அடி நகரக்கூடாது" என்றார். அப்படி ஒருவர் சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. அன்று காலை பனியில் நான் ரேடியோவில் "வழி அனுப்பியபடியே" என்றபோது என் குரலில் சந்தோஷம் இருந்தது, உனக்குக் கேட்டதா? பொய் சொல்லாமல் உன்னோடு பேசிய முதல் நாள் அது.

சிவப்பு மிதவைக்குப் பக்கத்தில் ரேடாரில் படகு தெரிந்தது. வெளிப்பக்கத்தில். அதன் பச்சைக் கோடு உள்வாய்க்காலில் இருந்தது. கேப்டனிடம் காட்டினேன். "கோட்டுக்குத் திரும்பிடுவாங்க. நம்ம கோடு அவங்களுக்கும் தெரியுமே" என்றார். எனக்கும் சரியென்று பட்டது. நாங்கள் வெளியே திரும்பத் தொடங்கினோம். படகும் இன்னும் வெளியே ஒதுங்கியது. எங்களுக்கு வழி விடுவதாக நினைத்து எங்கள் வழியிலேயே வந்தது. நாங்கள் இன்னும் வெளியே போனோம். அது இன்னும் வெளியே வந்தது. சந்து, அக்கா. நம் வீட்டுச் சந்து.

"எந்தப் பக்கம்?" என்று ஒரு வார்த்தை நான் ரேடியோவில் கேட்டிருக்கலாம். கையெட்டும் தூரத்தில் மைக் இருந்தது. கோடுதான் இருக்கிறதே என்று கேட்கவில்லை.

படகில் பதினான்கு பேர். எங்கள் மீட்புப் படகை இறக்கி நானே போனேன். பதின்மூன்று பேரைத் தூக்கினேன். ஒவ்வொரு தலையையும் பிடித்துத் திருப்பி முகத்தைப் பார்த்தேன். யாரென்று பார்க்கவில்லை, அவர் இல்லை என்று பார்த்தேன். எங்கள் முனை இடித்தது சுக்கான் அறையில். அவர் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாராம். நீ சொல்லியிருக்கிறாய்.

நான் உன் தம்பி என்று எழுதக் கை வரவில்லை.

அக்கா எழுதியது: பிப்ரவரி 1. தம்பி கைக்குக் கிடைத்தது: பிப்ரவரி 5.

அம்மாவிடம் இன்னும் உன் கப்பல் என்று சொல்லவில்லை. ஏதோ ஒரு கப்பல் என்றுதான் அவளுக்குத் தெரியும். "அந்தப் பாவிகளுக்கு ஒரு தங்கச்சி, அக்கா இருக்க மாட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

உன் குரலில் சந்தோஷம் கேட்டது. கேட்டேன். அக்டோபரிலிருந்து எல்லாவற்றையும் அடக்கி வைத்திருந்தவன், பொய் சொல்லிப் பழகிவிட்டான் என்று நினைத்தேன். அதே வார்த்தைகள்தானே, தம்பி. நவம்பரிலும் அதைத்தான் சொன்னாய், டிசம்பரிலும் அதைத்தான் சொன்னாய். அது உண்மையாக ஆன நாள் எது என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். விசாரணையில் சொல்லியாயிற்று, உனக்குச் சொல்லாவிட்டால் வெந்துபோவேன்.

திரையில் உன் கப்பலின் மூக்கு வெளிப்பக்கம் திரும்புவதைப் பார்த்தேன். அவர் புள்ளியும் வெளிப்பக்கம் நகர்வதைப் பார்த்தேன். கோடுகள் இரண்டும் தள்ளித் தள்ளி அழகாகக் கிடந்தன. மணி அடிக்கவில்லை. மைக்கை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். 'படகே, திரும்பு' என்றால் போதும். ஆனால் ரேடியோவில் பேசுவதெல்லாம் பதிவாகும். படகு ஏன் வெளியே இருக்கிறது என்று கேட்பார்கள், அப்புறம் பதிவேட்டில் நான் எழுதியது வெளியே வரும், அப்புறம் நீ. உன்னையும் காட்டிக்கொடுக்காமல் அவரையும் திருப்ப ஒரு வார்த்தை தேடினேன்.

அந்தப் பதிவை எல்லார் முன்னாலும் போட்டார்கள். பொத்தான் அழுத்திய சத்தம் கேட்கிறது. பிறகு என் மூச்சு. இருபத்திரண்டு நொடி வெறும் மூச்சு. பிறகுதான் நான் அவரைக் கூப்பிடுகிறேன். நிலையத்து முறைப்படி படகின் எண்ணைச் சொல்லவில்லை. வீட்டில் கூப்பிடுவது போல "என்னங்க" என்கிறேன். அவர் "சொல்லும்மா" என்கிறார். அதோடு பதிவு முடிகிறது.

விசாரணை அதிகாரி, "அந்த இருபத்திரண்டு நொடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். தம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்றேன். எழுதிக்கொண்டார். என் வேலை போய்விட்டது, அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை.

உன்மேல் கோபமா என்று கேட்காதே. இருக்கிறது. என்மேல் இருப்பதில் மிச்சம்தான் உனக்கு.

டிசம்பரில் எழுதினேன் என்கிறாயே, அந்தக் கடிதம் எனக்கு வரவில்லை. தினமும் வாசலில் பார்க்கிறேன். என்ன எழுதியிருந்தாய்?

தம்பி எழுதியது: டிசம்பர் 21. வேறு கப்பலின் தபால் பையில் மாறிப்போய், மூன்று துறைமுக முத்திரைகளோடு அக்கா கைக்கு வந்தது: பிப்ரவரி 8.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. உடம்பு தேறிவிட்டது. வயிற்றுக்கோளாறு கேப்டன் அவசரத்தோடு ஏணியில் இறங்கிப் போய்விட்டது. நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும் என்று முதல் தடவையாகக் கூசாமல் எழுதுகிறேன்.

நேற்று முன்தினம்தான் உன் நவம்பர்க் கடிதம் கிடைத்தது. சொல்ல வேண்டாம் என்றாய். சொல்லாமல் இருக்க முடியாது, அக்கா. அக்டோபரில் அத்தானை நசுக்கப் பார்த்த கப்பல் எங்களுடையது. படகு சேற்றுப் பக்கம் ஒதுங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். படகில் நின்றது யார் என்றும் தெரியும். நான் அனுப்பிய கோடு வெளியே, கப்பல் உள்ளே. ஒவ்வொரு தடவையும் உன்னிடமே 'அனுப்பியபடியே' என்று பொய் சொன்னேன். உனக்கு இது தெரிந்திருக்கும். தெரிந்தும் என்னைக் கேட்காமல் இருந்தாய் பார், அதுதான் எனக்கு வலிக்கிறது.

'நான் பார்த்துக்கொண்டேன்' என்று எழுதியிருக்கிறாய். என்ன செய்தாய்? அத்தானிடம் ஏதாவது வழி மாற்றச் சொன்னாயா? எதுவாக இருந்தாலும் இந்தக் கடிதம் கிடைத்ததும் விட்டுவிடு. புதுக் கேப்டன் வந்திருக்கிறார். கோட்டை விட்டு ஒரு அடி நகரமாட்டார். நான் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டினார், பிறகு தோளில் தட்டினார்.

ஜனவரி பதினைந்து காலை வருவோம். சிவப்பு மிதவைக்கு வெளியே, நான் போட்ட கோட்டின் மேலேயே. அத்தானை எப்போதும்போல உள்வாய்க்காலிலேயே போகச் சொல். அவர் பக்கம் எங்கள் அலைகூட வராது. பாடிக்கொண்டே போகட்டும்.

அன்றைக்கு ரேடியோவில் நான் 'அனுப்பியபடியே' என்று சொல்வேன். நம்பு.

தைலத்தை இந்தக் கவருக்குள் வைக்க முடியவில்லை, அடுத்த தடவை நேரிலேயே கொண்டுவருகிறேன். அம்மாவுக்கு என் முத்தம். அத்தானுக்கு என் மன்னிப்பு, நீயே சொல்லிவிடு.

உன் தம்பி